நிறுத்தினால் ஒரு கோடு

ஆகஸ்ட் 4

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாகவே இருக்கிறோம். அவளுடைய முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தத் துறைமுக ஊரில் எப்படி இருக்கிறீர்கள்? படகு இன்ஜின் சத்தத்தில் மாப்பிள்ளைக்குக் காது அடைத்திருந்ததே, சரியாகிவிட்டதா?

பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு தலைவலி. இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன், இதுவரை எழுத்துத் தேர்வு மட்டும்தான். இந்த வருடம் பேச்சுத் தேர்வும் உண்டாம். பிப்ரவரியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார். மொத்தம் முப்பத்துநான்கு பேர். பாதிப் பேராவது தேறாவிட்டால் என் பாடவேளையை ஒரு ஒலிப்பெட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். அது பேசும், பிள்ளைகள் கேட்பார்கள். "நீங்க புத்தக ஸ்டோர் ரூமைப் பாத்துக்கலாம் சார், உங்களுக்கும் ஓய்வா இருக்கும்" என்று தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

நான் சும்மா இருக்கவில்லை. முப்பது கேள்வி, முப்பது பதில் தயாரித்து, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்து, தினமும் ஒப்பிக்க வைக்கிறேன். ஒன்றிலிருந்து முப்பது வரை ரயில் மாதிரி ஓடுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

உன் கடிதம் வந்தது. அவர் காது சரியாகிவிட்டது. நான் கூப்பிட்டால் மட்டும் இன்னும் கேட்பதில்லை. அண்ணியை மாடிப்படி ஏறி இறங்க விடாதே, துணியை நீ காயப்போடு.

"கவலைப்பட ஒன்றுமில்லை" என்று நீ எழுதினால் எனக்குக் கவலை வந்துவிடும். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், சரி. பேசுகிறார்களா?

நான் உட்கார்ந்திருக்கும் பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலுக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருகிறார்கள். கப்பலிலிருந்து இறங்கி நேராக என்னிடம்தான். பத்து நாட்டுக்காரன், பத்து விதமான இங்கிலீஷ். ஒருத்தனும் ஏழாவது கேள்வியை ஏழாவதாகக் கேட்பதில்லை. நானும் பதிலுக்கு, "பஸ் கான். நெக்ஸ்ட் பஸ் த்ரீ ஓ கிளாக். யூ சிட், ஐ கால்" என்கிறேன். உனக்குக் காது கூசும். ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் என்னால் ஒருத்தனும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சும்மாவா சொன்னாள்? எனக்கு வாயாடி, உனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததும் அவள்தானே.

ஒன்று கேட்கிறேன். வகுப்பில் நீ இங்கிலீஷில் பேசுகிறாயா?

அண்ணிக்கு என் அன்பு.

வாயாடி


செப்டம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உடம்பு சுகம்தான். மானம்தான் போய்விட்டது.

போன வாரம் ஒத்திகைக்காகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்தார்கள். சின்ன வயது, நல்ல மாதிரி. முதல் வரிசை நெட்டையனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நான் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன்" என்றான். அது என் முதல் கேள்விக்கான பதில். அந்த டீச்சர் குழம்பிப்போய், உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்றார். அவன் இரண்டாவது பதிலைச் சொன்னான்: "பல் துலக்குகிறேன்." அடுத்து வந்தவள், முந்தினவன் விட்ட இடத்திலிருந்து மூன்றாவது பதிலைத் தொடங்கினாள். எது கேட்டாலும் வரிசை தவறவில்லை. நான் பழக்கியது அப்படி. கடைசியில் ஒரு பெண்ணிடம், உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, "ஆம், அது நீல நிறம்" என்று பதில் வந்தது.

தலைமை ஆசிரியை பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். முப்பத்துநான்கில் மூன்று பேர் தேறினார்கள். அவர்களும், அவர்கள் முறை வந்தபோது கேள்வி தற்செயலாகப் பொருந்தியதால்தான்.

ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது.

மாப்பிள்ளை சௌக்கியமா? அங்கே கடல் காற்று அதிகமாயிற்றே, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


அக்டோபர் 11

அண்ணா,

முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீல நிறத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட "ஆம், நீல நிறம்" என்கிறார். ஆனால் உன்னை அந்த ஜன்னல் திறக்காத அறைக்குள் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னளவுக்குப் படித்தவள் இல்லை நான். என் ஜன்னலில் பார்த்ததைச் சொல்கிறேன், எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். வருகிறவனுக்குப் போக வேண்டிய இடம் தெரியும், நேரம் தெரியாது. எனக்கு நேரம் தெரியும், அவன் போகுமிடம் தெரியாது. ஆளுக்குப் பாதி. அதனால்தான் இருவரும் வாயைத் திறக்கிறோம். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் எவன் பேசுவான்? உன் பிள்ளைகளிடம் கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. பாவம், அதுகள் எதற்குப் பேச வேண்டும்?

ஒரு பஸ் அட்டவணையை எடுத்து ஒருத்தனுக்குப் பாதி, இன்னொருத்தனுக்கு மீதிப் பாதி அழித்துக் கொடுத்துப் பார்.

போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். வகுப்பில் நீ பேசுகிறாயா?

அண்ணியின் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன். கட்டிக்கொள்ளச் சொல்.

வாயாடி


நவம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

பட்டை வந்து சேர்ந்தது. உன் அண்ணி அதைக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே இரண்டு முறை மாடி ஏறி இறங்கிக் காட்டினாள்.

நீ சொன்னபடி அட்டவணை தயாரித்தேன். பதினேழு ஜோடி. முதல் நாள், ஒருவன் தாளை இன்னொருவன் எட்டிப் பார்த்து இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு முதுகோடு முதுகாக உட்காரவைத்தேன். எட்டிப் பார்க்க முடியாது. அதில் ஒரு நன்மையும் கண்டேன். எப்போதும் தலை குனிந்தே இருக்கும் கண்ணாடிக்காரி, எதிரே முகம் தெரியாததாலோ என்னவோ, மெதுவாக வாயைத் திறந்து ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள். பிறகு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "சார், நீங்க ஒரு தடவை பேசிக் காட்டுங்க. அப்படியே நாங்களும் பேசறோம்" என்றாள் அந்தக் கண்ணாடிக்காரியே.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வேறு ஒன்றும் விசேஷமில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்


நவம்பர் 12

அண்ணா,

அண்ணி மாடி ஏறியதைப் படித்து மனம் நிறைந்தது. நாங்களும் நலம்தான். இங்கே இரண்டு நாளாகப் புயல் காற்று, கப்பல் வரவில்லை. ஜன்னலில் ஈ ஓட்டிக்கொண்டு உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

மணி அடித்துவிட்டது, சரி. மறுநாள்? அந்தப் பெண் கேட்டாளே, பேசிக் காட்டினாயா?

வாயாடி


டிசம்பர் 15

அண்ணா,

நலமாக இருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அண்ணியிடம் கேட்டேன். "சாப்பிடறார், பள்ளிக்கூடம் போறார், வரார். என்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்ல" என்று எழுதியிருந்தார். நான் ஏதாவது தப்பாகக் கேட்டிருந்தால் திட்டியாவது எழுது.

வாயாடி


டிசம்பர் 27

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பதில் எழுதாதது என் தவறு. மூன்று கடிதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டாய். மூன்று முறையும் அதற்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். இன்று பள்ளி விடுமுறை, அண்ணி கடைக்குப் போயிருக்கிறாள், எழுதிவிடுகிறேன்.

அன்று மணி அடிக்கவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்தப் பெண் கேட்டதும் சாக்பீஸ் எடுத்துவருகிறேன் என்று வெளியே போனேன். மேஜையில் ஒரு பெட்டி நிறைய சாக்பீஸ் இருந்தது, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மணி அடிக்கும்வரை வராந்தாக் கோடியில் தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தேன்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. எழுத வரும், இலக்கணம் தலைகீழாகத் தெரியும், அகராதியில் பாதி மனப்பாடம். வாயைத் திறந்தால் அடுத்த சொல் சரியா தப்பா என்று மனதுக்குள் திருத்த ஆரம்பித்து, திருத்தி முடிப்பதற்குள் எதிராளி போய்விடுவான். இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷை நம் பாஷையில்தான் நடத்தியிருக்கிறேன். எழுத்துத் தேர்வு மட்டும் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். ஒத்திகைக்கு வந்த அந்த டீச்சர் என்னிடம் இங்கிலீஷில் நன்றி சொன்னபோதுகூட இருமல் வந்ததுபோல் இருமிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் தோற்றதற்குக் காரணம் அவர்கள் இல்லை. இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல ஏன் இவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று தெரியவில்லை. நீதான் எங்கே போனாலும் வாய் கூசாமல் பேசுகிறவள்.

உன் அண்ணன்


ஜனவரி 6

அண்ணா,

உன் கடிதத்தை ஜன்னலில் வைத்தே படித்தேன். இரண்டு பேர் பஸ் நேரம் கேட்டு நின்றார்கள், கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு முடித்தேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று பயந்துபோயிருந்தேன். அது இல்லை என்றதும் பாதி உயிர் வந்தது.

நீ சொல்லிவிட்டாய், இப்போது நான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்லப்போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் உனக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அகராதி பார்த்து, நான்கு நாள் எழுதினேன். தங்கச்சி இங்கிலீஷில் எழுதுகிறாள் என்று நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். அதை நீ சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாய். முப்பத்தொரு இடம். கீழே "கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாய். நான் சௌக்கியமா என்றுகூட அதில் நீ கேட்கவில்லை.

உனக்கு நினைவிருக்காது. அன்று பஸ் ஸ்டாண்டு கழிவறையில் போய் அழுதேன். அதற்குப் பிறகு இங்கிலீஷில் ஒரு வரி எழுதியதில்லை. ஜன்னலில் ஒட்டும் அறிவிப்பைக்கூடப் பக்கத்து ஜன்னல்காரியை எழுதித் தரச் சொல்கிறேன். மேல் அலுவலக வேலைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள். அங்கே எழுத வேண்டியிருக்கும் என்று நான் போகவில்லை. வீட்டில் அவருக்குக்கூடக் காரணம் தெரியாது.

நீ திருத்தியது தப்பு என்று சொல்லவில்லை. முப்பத்தொன்றும் பிழைதான். ஆனால் அந்தச் சிவப்புப் பேனா முதலில் உன் வாயைத்தான் அடைத்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. பிறகு என் கையை. இப்போது முப்பத்துநான்கு பிள்ளைகளையும்.

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே, நேரமில்லை. நாளைக்கே போய் அந்தப் பிள்ளைகள் முன்னால் தப்பாகப் பேசு. தலைக்கு மேல் போன வெள்ளம், இனி சாண் என்ன முழம் என்ன?

அண்ணியிடமும் சொல்லிவிடு. அவர் சிரிக்க மாட்டார்.

உன் தங்கை


ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

கேட்காதே என்றாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. அந்தக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு சக ஆசிரியர்களிடம் பெருமையாகவேறு சொன்னேன். நீ அழுதிருப்பாய் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியும். ரேடியோல இங்கிலீஷ் வந்தா எழுந்து போயிடுவீங்களே" என்றாள்.

நீ கடிதத்தில் அதட்டியது காதில் இருக்கும்போதே வகுப்புக்குப் போனேன். "இன்னையிலிருந்து முதல் அஞ்சு நிமிஷம் நான் இங்கிலீஷ்ல பேசுவேன். எனக்கும் சரியா வராது. தப்புக்குக் கணக்கு கிடையாது. நான் நிறுத்தினா மட்டும் போர்டுல ஒரு கோடு போடுங்க" என்றேன். முதலில் ஒருவரும் நம்பவில்லை. நெட்டையன் சாக்பீஸோடு போர்டு பக்கத்தில் நின்றான். அன்று காலை எங்கள் சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் ஹாலுக்கு வந்த கதையைச் சொன்னேன். எங்கும் எழுதிவைக்காமல், வாய்க்கு வந்தபடி. பதினேழு கோடு விழுந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் வகுப்பே உற்சாகமாகிவிட்டது. குழாய் உடைந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயால் தண்ணீர் சத்தம் போட்டுக் காட்டினேன்.

மறுநாள் பதினான்கு கோடு. மூன்றாம் நாள் கண்ணாடிக்காரி, "சார், நான் உங்களைவிடக் கம்மியா வாங்குவேன்" என்றாள். ஒன்பது வாங்கினாள். பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். யாராவது பேசும்போது நான் குறுக்கிடுவதில்லை. பிழைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றை மட்டும் போர்டில் எழுதுகிறேன். யாருடையது என்று சொல்வதில்லை. சிலது என்னுடையதாகவும் இருக்கும். அட்டவணையை மறுபடி எடுத்தேன். முதுகோடு முதுகாக உட்கார்ந்து இப்போது சண்டையே போடுகிறார்கள், இங்கிலீஷில்.

இருந்தாலும் தேர்வுக்கு மூன்றே வாரம்தான். போதுமா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல். அவரும் சிரிக்க மாட்டார்.

உன் அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

தண்ணீர் சத்தம் எப்படிப் போட்டாய் என்று அடுத்த தடவை நேரில் காட்ட வேண்டும். இங்கே எல்லோரும் நலம். அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "நீ எழுது, நான் ஒட்டறேன்" என்றார்.

நேற்று மழையால் மூன்று மணி பஸ் ஓடவில்லை. அறிவிப்பை நானே எழுதினேன். ஐந்து வரி. அதில் எத்தனை பிழை இருக்கிறதோ, எண்ணவில்லை. படித்தவர்கள் எல்லோரும் நாலரை மணி பஸ்ஸில் சரியாக ஏறிவிட்டார்கள்.

தேர்வு முடிந்ததும் உடனே எழுது. இந்தத் தடவை ஒன்றரை மாதம் காக்கவைத்தால் நானே கிளம்பி வந்துவிடுவேன்.

வாயாடி


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

தேர்வு நேற்று முடிந்தது. முதலில் செய்தி: இருபத்துமூன்று பேர் தேறினார்கள். பதினேழு போதும், இருபத்துமூன்று. ஸ்டோர் ரூம் இல்லை. ஒலிப்பெட்டியை இசை வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை எழுதும்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

இனி நிதானமாகச் சொல்கிறேன். தேர்வாளர் ஒரு அம்மா, மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். நெட்டையனிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. அவன் கையைக் கட்டவில்லை. "மெதுவாக இன்னொரு தடவை கேளுங்கள்" என்று இங்கிலீஷில் அவரையே கேட்டான். அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்ததே இல்லை. அவர் மெதுவாகக் கேட்டார், இவன் தன் வீட்டு நாயைப் பற்றிப் பிழையோடு பத்து நிமிடம் பேசினான், அவரே நிறுத்தும்வரை. கண்ணாடிக்காரியும் தேறிவிட்டாள்.

தேறாதவர்களில் ஒருத்தி வகுப்பில் முதல் ரேங்க். இலக்கணத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு சொல்லையும் மனதில் திருத்திக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். நம்பவில்லை, பிறகு நம்பினாள். ஜூனில் மறுபடி தேர்வுக்கு உட்காரலாமாம். அதுவரை தினமும் என்னோடு ஐந்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் முடிந்து, வராந்தாவில் தலைமை ஆசிரியையும் பிள்ளைகளும் நிற்கும்போது அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். இந்தப் பிள்ளைகள் எப்படிப் பயமில்லாமல் பேசுகிறார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். இருமினால் தப்பித்திருக்கலாம். பதில் சொன்னேன். கோடு போடுவதைச் சொன்னேன், முதுகோடு முதுகாக உட்காருவதைச் சொன்னேன், என் தங்கை ஒரு பஸ் ஸ்டாண்டு ஜன்னலில் உட்கார்ந்து எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தாள் என்றும் சொன்னேன். நடுவில் ஒரு சொல் வராமல் நின்றேன். பிள்ளைகளில் யாரோ, ஒரு கோடு என்பதுபோல், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு மேலே பேசினேன். தலைமை ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் என் குரலை இங்கிலீஷில் அவர் கேட்டதில்லை. அந்த அம்மா மழைக்கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேள்வி கேட்டார். கால் மணி நேரமாவது பேசியிருப்பேன். எவ்வளவு பிழை விட்டேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சளி பிடித்துவிட்டதோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. குரல் வராததால் இதையெல்லாம் அவளுக்கும் முதலில் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்திருக்கிறேன், பேசிப் பேசித் தொண்டை கட்டியது இதுதான் முதல் தடவை.

நீங்கள் இருவரும் நலமாயிருங்கள்.

உன் அண்ணன்